அஸ்தேயம்: எடுத்தது யாருடையது, அவர் கொடுத்தாரா?

கேள்வி: செம்பூரில் இருக்கிறேன். வயது 41. ஃபோர்ட்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மேலாளர். இரண்டு வருடமாகக் காலை 6.30 யோகா வகுப்புக்குப் போகிறேன். போன மாதம் எங்கள் ஆசிரியை யோகாவின் ஒழுக்க நெறிகளான இயமங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, “இந்த மாதம் அஸ்தேயத்தை, அதாவது களவாமையை, பயிற்சி செய்து பாருங்கள்” என்றார். நான் யார் வீட்டிலும் திருடுவதில்லையே, இதில் பயிற்சி செய்ய என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசிக்க யோசிக்கத் தூக்கம் போய்விட்டது. இரண்டாம் வகுப்பு பாஸை வைத்துக்கொண்டு கூட்டமான நாளில் முதல் வகுப்பில் ஏறுகிறேன். மகனின் பள்ளி புராஜெக்ட்டை ஆபீஸ் பிரிண்டரில் எடுக்கிறேன். எனக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் தயாரித்த அறிக்கையை என் பெயரில் மேலே அனுப்பியிருக்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் மௌசிக்கு மாதம் 4,500 ரூபாய். மே மாதம் நாங்கள் திருநெல்வேலி போயிருந்த பத்து நாளுக்கு அதில் பிடித்துக்கொண்டேன். நான் பணம் கட்டிச் சேர்ந்த ஆன்லைன் யோகா வகுப்பின் பதிவுகளை டோம்பிவிலியில் இருக்கும் தங்கைக்கு அனுப்பி வருகிறேன். “இதெல்லாம் பார்த்தால் மும்பையில் வாழ முடியுமா?” என்கிறார் கணவர். எங்கே தொடங்குவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் ஐந்திலும் எடுத்தது என்ன, அது யாருடையது என்று சட்டென்று சொல்லிவிட முடிகிறது. அஸ்தேயத்தைத் தொடங்க அதுதான் சரியான இடம். இந்த இயமத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் இப்போது எடுத்த எடுப்பிலேயே “உங்கள் சந்தோஷத்தை நீங்களே திருடாதீர்கள்” என்று போய்விடுகிறார்கள். கேட்க இதமாக இருக்கும். மறுநாள் காலையில் என்ன செய்வது என்று மட்டும் தெரியாது. உரியவரின் பெயரைச் சொல்ல முடிகிற களவை முதலில் பார்ப்போம். நுட்பமானவை பிறகு வரட்டும்.

பதஞ்சலியின் யோக சூத்திரம், இரண்டாம் பாதம், 30ஆவது சூத்திரத்தில் ஐந்து இயமங்கள் வருகின்றன. அஹிம்சை, சத்தியம் இரண்டுக்கும் அடுத்தது அஸ்தேயம். வியாசரின் உரை இதை இரண்டு படியாக விளக்குகிறது. முறையில்லாத வழியில் பிறர் பொருளைத் தனதாக்கிக்கொள்ளாமல் இருப்பது முதல் படி. அந்தப் பொருளின் மேல் ஆசையே எழாமல் இருப்பது அடுத்த படி; ‘அஸ்ப்ருஹா’ என்று அதற்குப் பெயர். வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் ‘உள்ளத்தால் உள்ளலும் தீதே’ என்று சொல்வது இந்த இரண்டாம் படியைத்தான். திருமூலரும் இயமத்தில் நிற்பவனைச் சொல்லும்போது ‘கொல்லான் பொய்கூறான் களவிலான்’ என்று இதே வரிசையில்தான் தொடங்குகிறார்.

இதே ஒழுக்கத்துக்குச் சமணர்களும் பௌத்தர்களும் வைத்திருக்கும் சொல் நடைமுறைக்கு இன்னும் உதவும். சமணத்தில் விலக்க வேண்டியது ‘அதத்தாதானம்’. பௌத்தர்களின் பாலி மொழியில் ‘அதின்னாதானம்’. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: கொடுக்கப்படாததை எடுத்தல். “நான் திருடினேனா?” என்று கேட்டால் மனம் உடனே வக்கீல் வைத்துக்கொள்ளும். “இது யாருடையது? அவர் கொடுத்தாரா?” என்று கேட்டால் தப்பிக்க இடமிருக்காது. உங்கள் மாதப் பயிற்சிக்கு இந்த இரண்டு கேள்வி போதும்.

மௌசியிலிருந்து தொடங்குங்கள். ரயில்வேக்கு டிக்கெட் பரிசோதகர் இருக்கிறார். ஆபீசுக்கு ஆடிட் இருக்கிறது. மௌசிக்காக உங்களைக் கேட்க யாரும் இல்லை. அவரே கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. வாய் திறந்து கேட்க முடியாதவரிடம் எடுத்ததைத்தான் முதலில் திருப்ப வேண்டும்.

கணக்கு உங்களுக்குத் தெரிந்த வேலை. 4,500ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 150. பத்து நாளுக்கு 1,500 ரூபாய். அந்தப் பத்து நாளும் அவர் வரத் தயாராகத்தான் இருந்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு போனது நீங்கள். அந்த நேரத்தை அவரால் வேறு வீட்டுக்குக் கொடுத்துச் சம்பாதிக்கவும் முடியாது. பத்து நாளுக்காக யாரும் புது ஆள் வைப்பதில்லை. அவர் லீவு எடுத்தால் பிடிப்பதா வேண்டாமா என்பது முன்கூட்டியே பேசி வைக்க வேண்டிய வேறு விஷயம். நீங்கள் ஊருக்குப் போனதற்கு அவர் சம்பளத்தில் கை வைக்க அவர் சம்மதம் கொடுக்கவில்லை.

அதே வீட்டில் இன்னொரு களவும் நடந்துகொண்டிருக்கும், நீங்கள் எழுதவில்லை. ஒன்றரை மணி நேர வேலை என்று பேசியிருப்பீர்கள். விருந்தாளி வந்த அன்று இட்லிப் பானை, இரண்டு குக்கர், அடிப்பிடித்த பால் பாத்திரம், எண்ணெய் வாணலி என்று சிங்க் நிறைந்து கீழேயும் வைத்திருக்கும். மௌசி ஒன்றும் சொல்லாமல் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டீல் உல்லை எடுப்பார். பால் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி ஊறப்போட்டுவிட்டு மற்றதைத் தேய்த்து முடித்து மறுபடி அதற்கு வருவார். கிளம்பும்போது நாற்பது நிமிடம் கூடியிருக்கும். அடுத்த வீட்டில் அவருக்குப் பேச்சு விழும். மாதம் 26 நாள், நாளுக்கு ஒன்றரை மணி என்றால் 39 மணி நேரம். 4,500ஐ 39ஆல் வகுத்தால் மணிக்கு 115 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. நாற்பது நிமிடத்துக்கு 77 ரூபாய். 80 ரூபாயாகவே அன்றைக்கே கையில் கொடுங்கள். மாதக் கடைசிக்குத் தள்ளினால் இருவருக்கும் மறந்துவிடும். பழைய புடவை, மிஞ்சிய சாம்பார் கொடுத்ததையெல்லாம் இந்தக் கணக்கில் கழிக்கக் கூடாது. அவை நீங்கள் பிரியப்பட்டுக் கொடுத்தது, இது அவர் உழைத்தது.

1,500ஐத் திருப்பும்போது தீபாவளி போனஸோடு சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் உங்கள் தாராளத்துக்கு அவர் நன்றி சொல்லும்படி ஆகிவிடும். தனியாக எண்ணிக் கொடுத்து, இந்தியிலோ மராத்தியிலோ நேராகச் சொல்லுங்கள்: “மே மாதம் நான் பிடித்தது தப்பு மௌசி. இது உங்கள் பணம். இனிமேல் நாங்கள் ஊருக்குப் போனால் பிடிக்க மாட்டேன்.” அவ்வளவு போதும்.

அறிக்கை விஷயம் இதைவிடக் கடினம், ஏனென்றால் எடுத்தது பணமில்லை, பெயர். பெயரை எங்கே எடுத்தீர்களோ அங்கேதான் திருப்ப முடியும். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு “ரொம்ப நன்றாகச் செய்தாய்” என்று பாராட்டினால் அவருக்கு ஒன்றும் திரும்பி வராது. பெயர் போனது உங்கள் மேலதிகாரியின் மெயிலில். முதலில் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லுங்கள்: “அந்த அறிக்கையை உன் பெயரில்லாமல் அனுப்பினேன், இன்று திருத்தி எழுதப்போகிறேன்.” பிறகு அதே பழைய மெயிலைத் திறந்து, அதே ஆட்களுக்கு, அவரையும் சேர்த்து எழுதுங்கள்: “இந்த அறிக்கையைத் தயாரித்தவர் இன்னார். கணக்கை ஒத்துப் பார்த்ததும் அட்டவணை போட்டதும் அவர்தான். நான் சரிபார்த்தேன். இதை அப்போதே குறிப்பிட்டிருக்க வேண்டும்.” காரணம், சமாதானம் எதுவும் வேண்டாம். அந்தப் பெண்ணின் முன்னால் கண் கலங்கவும் வேண்டாம். கலங்கினால் உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும்.

இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. காந்தி 15 வயதில், ஒரு கடனை அடைக்க அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டார். மனம் தாங்காமல், அப்பாவிடம் வாயால் சொல்லவும் துணிவு வராமல், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். செய்ததை ஒப்புக்கொண்டு, தகுந்த தண்டனை கேட்டு, இனி ஒருபோதும் திருடுவதில்லை என்று உறுதி சொல்லியிருந்தார். மன்னிப்பு கேட்பதற்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கின்றன.

மறுபடி நடக்காமலிருக்க உங்கள் தொழிலிலேயே ஏற்பாடு இருக்கிறது. வவுச்சரின் அடியில் தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று தனித்தனிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். பத்து ரூபாய் வவுச்சருக்கு இருக்கும் அந்தக் கட்டத்தை உங்கள் பிரிவிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் போட்டுவிடுங்கள். ஒருவருடைய நல்ல எண்ணத்தை நம்பி இருப்பதைவிடக் கட்டம் நம்பகமானது.

இப்போது ரயில். காலை எட்டே முக்காலுக்குச் செம்பூரில் நிற்கும் ஹார்பர் வண்டி பன்வேல், வாஷிப் பக்கத்திலிருந்தே நிரம்பி வரும். பெண்கள் இரண்டாம் வகுப்புக் கதவில் கால் வைக்க இடமிருக்காது; நாலடி தள்ளி முதல் வகுப்பில் கொஞ்சம் காற்று தெரியும். அந்த அரை நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு யோக நூலில் ஒரு நுட்பமான கருவி இருக்கிறது. இரண்டாம் பாதம் 34ஆவது சூத்திரம், இயமத்துக்கு எதிரான செயல்களை இப்படிப் பிரிக்கிறது: தானே செய்தது, பிறரைச் செய்யவைத்தது, செய்தவரை ஆமோதித்தது என மூன்று. ஒவ்வொன்றும் பேராசையால், கோபத்தால், மயக்கத்தால் என மூன்று. அவையும் மென்மையாக, நடுத்தரமாக, தீவிரமாக என மூன்று. பெருக்கினால் 27.

இதை நடைமேடையில் வைத்துப் பாருங்கள். வசதியாக நிற்கலாம் என்று ஏறினால் ஆசை. “இவ்வளவு வரி கட்டுகிறேன், ஒரு மனுஷி நிற்க இடம் கொடுக்க முடிகிறதா இவர்களால்?” என்று ஏறினால் கோபம். “எல்லோரும் ஏறுகிறார்கள், இது ஒரு திருட்டா?” என்று ஏறினால் மயக்கம். மகனையும் கூட்டிக்கொண்டு ஏறினால் செய்யவைத்தது. தோழி இதையே செய்துவிட்டு வந்து சொல்லும்போது சிரித்துத் தலையாட்டினால் ஆமோதித்தது. பிரித்துப் பார்ப்பதன் பயன் என்னவென்றால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆசையால் ஏறுகிறவருக்கு வேறு ஏற்பாடு வேண்டும். கோபத்தால் ஏறுகிறவர் அந்தக் கோபத்தை ரயில்வேக்குப் புகாராக எழுத வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் உரியவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த முகத்தைப் பார்ப்பதுதான் ‘பிரதிபக்ஷ பாவனை’. 33ஆவது சூத்திரம் சொல்வது இது. தவறான எண்ணம் தொல்லை தரும்போது அதற்கு எதிரானதை மனதில் கொண்டுவருதல். மந்திரம் சொல்வது போல “நான் திருட மாட்டேன்” என்று உருப்போட்டால் வேலைக்கு ஆகாது, கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். அடுத்த முறை முதல் வகுப்பில் இருந்தால் மேலே கைப்பிடியைப் பாருங்கள். ஒரே வளையத்தில் இரண்டு கை இருக்கும். ஒன்று உங்களுடையது. மற்றது பல மடங்கு கூடுதலாகக் கொடுத்து பாஸ் எடுத்த ஒரு பெண்ணின் கை. டப்பா பையின் வார் மணிக்கட்டில் அழுந்திச் சிவந்திருக்கும், கண்ணாடி வளையல் முழங்கை வரை சரிந்திருக்கும். அவர் காசு கொடுத்து வாங்கிய இடத்தில் பாதி உங்களிடம் இருக்கிறது. ‘ரயில்வே’ என்று சொல்லும்போது யாருடையதுமில்லை போலத் தோன்றியது அந்தக் கையைப் பார்த்ததும் ஒருவருடையது ஆகிவிடும்.

ஆனாலும் பாவனையை மட்டும் நம்பாதீர்கள். வண்டி வந்து நின்ற பிறகு எடுக்கிற முடிவு பெரும்பாலும் தோற்கும், ஏனென்றால் அப்போது முடிவெடுப்பது அவசரம். முந்தின இரவே மூன்றில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: இருபது நிமிடம் முந்திய வண்டி, அல்லது முதல் வகுப்பு பாஸ், அல்லது இரண்டாம் வகுப்பில் நெருக்கிக்கொண்டு நிற்பது. மூன்றாவது என்றால் நடைமேடையில் பெண்கள் இரண்டாம் வகுப்பு வந்து நிற்கும் இடத்துக்கே போய் நில்லுங்கள். முதல் வகுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மனதை அடக்குவதைவிட முப்பது அடி நடப்பது சுலபம். “பிடிபட்டால் அபராதம் கட்டிக்கொள்ளலாம்” என்பதை ஒரு வழியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பிடிபடாத நாட்களைக் கணக்கில் சேர்த்துத்தான் மனம் அப்படிச் சொல்கிறது.

ஏற்கனவே ஏறிய பயணங்களுக்கும் வழி உண்டு. ஆறு முறை ஏறியது நினைவிருந்தால், கவுண்டரில் செம்பூரிலிருந்து ஃபோர்ட் பக்கத்து சிஎஸ்எம்டி நிலையத்துக்கு ஆறு முதல் வகுப்பு டிக்கெட் வாங்கிக் கிழித்துப் போட்டுவிடுங்கள். வகுப்பு வித்தியாசத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். அது இருக்கட்டும்.

பிரிண்டருக்கு நீண்ட பதில் வேண்டாம். அட்மினிடம் கேளுங்கள். “மாதம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்” என்றால் அது கொடுக்கப்பட்டது. குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. கூடாது என்றால் ஜெராக்ஸ் கடை. வண்ணப் பக்கம் பத்து ரூபாய் என்று வைத்தாலும் நாற்பது பக்கப் புராஜெக்ட்டுக்கு 400 ரூபாய். அந்தத் தொகையைக் கேட்டதும் மகனே எந்தெந்தப் பக்கத்துக்கு வண்ணம் தேவை என்று யோசிப்பான்.

கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பில்டிங்கிலேயே சமணக் குடும்பங்கள் இருக்கலாம். இல்லறத்தாரின் களவாமைக்கு எவையெல்லாம் பழுது என்று உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல் ஐந்தைக் குறிக்கிறது: பிறரைத் திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அரசின் விதியை மீறி வாங்கி விற்பது, கள்ள அளவை, போலிச் சரக்கு. யோக உரைகளைவிட இது கடைத்தெருவுக்கு நெருக்கமானது. “பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் குறையும் மேடம்” என்று டைல்ஸ் கடைக்காரர் சொல்லும்போது நீங்கள் நிற்கும் இடம் அந்த மூன்றாவது. லைசென்ஸ் இல்லாத மென்பொருளை மகனின் லேப்டாப்பில் யாரையாவது வைத்துப் போட்டுக்கொள்வது முதலாவதையும் இரண்டாவதையும் தொடும். ஆபீசில் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு அரை நாள் தேடுகிறவர் நீங்கள். அதே கண்ணை வீட்டுச் செலவுக்கும் வையுங்கள்.

பயிற்சி நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நோட்டு இல்லாமல் இது நினைப்போடு நின்றுவிடும். சாதாரண ஒரு ரூல்டு நோட்டு. இரவு படுக்கும் முன் ஏழு எட்டு நிமிடம். நான்கு பத்தி: எடுத்தது, யாருடையது, ஆசையா கோபமா மயக்கமா, எப்போது எப்படித் திருப்பினேன். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து ஒன்றே ஒன்றை நிறுத்துங்கள். நான்காவது பத்தி மூன்று நாளுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது. திருப்ப முடியாததென்றால் ‘கேட்டுக்கொண்டேன்’ என்றாவது இருக்க வேண்டும்.

எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்கிறேன். உங்களைப் போல மனசாட்சி கூர்மையானவர்கள் மூன்றாம் நாளே இருபது வரி எழுதி, பயந்து நோட்டை மூடிவிடுவார்கள். நாளுக்கு மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். இன்னும் சிலருக்கு ஒரு வாரத்தில் நோட்டில் கணவர் வந்துவிடுவார், மாமியார் வந்துவிடுவார், சொசைட்டி செக்ரட்டரி வந்துவிடுவார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். எழுதியதாலேயே சரியாகிவிட்டது என்ற நிம்மதிதான் எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. கடனை எழுதிவைத்தால் கடன் அடையாது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யோகா விரிப்பின் மேலும் இது நடக்கிறது. வியாசர் சொன்ன அந்த இரண்டாம் படியை, ஆசையே எழாமல் இருப்பதை, பார்க்க நல்ல இடம் பச்சிமோத்தானாசனம். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிகிறீர்கள். பக்கத்து விரிப்பில் ஒருவர் நெற்றியை முழங்காலில் வைத்துவிட்டார். உடனே உங்கள் கை பாதத்தை எட்டிப் பிடித்து இழுக்கும், முதுகு கூன் விழும், தாடை இறுகும், மூச்சு தொண்டையிலேயே நிற்கும். தொடையின் பின்தசை இடுப்படியில், உட்காரும் எலும்போடு ஒட்டும் இடத்தில்தான் அந்த இழுப்பு போய் நிற்கும். அங்கே தசைநாண் புண்பட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகும். ரயிலில் உட்கார்ந்தாலே குத்தும். அவருடைய ஆசனத்தை எடுக்கப் போய் உங்கள் காலைக் கொடுத்ததுதான் மிச்சம். இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் போர்வையை மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள். முழங்காலை லேசாக மடக்குங்கள். தொப்புள் தொடையை நோக்கிப் போகும் அளவுக்குக் குனிந்து ஐந்து மூச்சு. உட்காரும் எலும்பருகே சுருக்கென்றால் பாதி வெளியே வாருங்கள். தசையின் நடுவில் இழுப்பு தெரிந்தால் சரி. கண்ணை மூடிக்கொண்டால் பக்கத்து விரிப்பு தெரியாது.

பிராணாயாமத்திலும் அளவு தெரிந்துகொள்ளலாம். மூச்சை அடக்கிய பிறகு அடுத்த மூச்சு அவசரமாக, சத்தத்தோடு உள்ளே பாய்ந்தால் உங்களுக்குச் சேராத நேரத்தை எடுத்துவிட்டீர்கள். அடுத்த சுற்றில் இரண்டு எண்ணிக்கை குறையுங்கள். 6.30 வகுப்புக்கு 6.40க்கு வரும் நாட்களில், கண் மூடி உட்கார்ந்திருப்பவர்கள் நடுவே விரிப்பை உதறாமல், அவர்கள் அந்த மூச்சை முடிக்கும் வரை கதவருகே நின்றுவிடுங்கள்.

உங்கள் கணவரின் கேள்விக்கும் யோக சூத்திரத்திலேயே பதில் இருக்கிறது. 31ஆவது சூத்திரம், பிறப்பு, இடம், காலம், சூழ்நிலை என்ற வரம்பு எதுவும் வைக்காமல் கடைப்பிடிக்கும்போதுதான் இயமம் ‘மகாவிரதம்’ ஆகிறது என்கிறது. உரையில் வியாசர் காட்டும் உதாரணங்களில் ஒன்று மீனவர்: மீனைத் தவிர வேறெதையும் கொல்வதில்லை என்பவர். இன்னொன்று, புண்ணியத் தலத்தில் மட்டும் கொல்ல மாட்டேன் என்பவர். ‘மும்பையில் முடியாது’ என்பது இந்த இடத்து விதிவிலக்குதான். இப்படி வரம்பு வைப்பவர்களையும் நூல் பழிப்பதில்லை. அது வரம்புள்ள விரதம், அவ்வளவே. வரம்புள்ள விரதத்தில் தொடங்கி வரம்பை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வரலாம். கணவரோடு வாதாட வேண்டாம், அவர் பங்குக்கு நோட்டும் வாங்க வேண்டாம். மௌசிக்கு 1,500 கொடுக்கப்போவதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், அது இருவர் பணம்.

37ஆவது சூத்திரம், அஸ்தேயத்தில் நிலைத்தவனிடம் எல்லா ரத்தினங்களும் வந்து சேரும் என்கிறது. அதை நகைக்கடை விளம்பரம் போல எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஊருக்குப் போகும்போது பக்கத்து ஃப்ளாட்காரர்கள் யாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், உங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் தன் யோசனையை முதலில் யாரிடம் வந்து சொல்கிறார் என்று பாருங்கள். அந்த அர்த்தத்தில் சூத்திரம் பொய்க்காது என்பது என் எண்ணம்.

கடைசியாகத் தங்கைக்குப் போகும் பதிவுகள். ஆசனம் யாருடைய சொத்தும் இல்லை. மரபு அறிவுக்கு வெளிநாட்டில் யாரும் காப்புரிமை வாங்கிவிடக் கூடாது என்றுதான் இந்திய அரசு அவற்றை ஆவணப்படுத்தும் டிஜிட்டல் நூலகத்தைத் தொடங்கியது. யோகாசனங்களும் அதில் உண்டு. 26 ஆசனங்களும் இரண்டு மூச்சுப் பயிற்சிகளும் கொண்ட, யோகா ஆசிரியர் பிக்ரம் சௌத்ரியின் வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனவே வகுப்பில் கற்ற சூரிய நமஸ்காரத்தைத் தங்கைக்கு நீங்களே வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தால் யாருடையதையும் எடுக்கவில்லை. ஆசிரியர் பேசி, திருத்தி, நேரம் செலவழித்துப் பதிந்த வீடியோ அப்படி அல்ல. அது அவருடையது, உங்கள் ஒருவருக்காகக் கொடுத்தது.

அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: “உங்கள் வகுப்புப் பதிவுகளை என் தங்கைக்கும் அனுப்பிவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். அவள் தொடரலாமா, எவ்வளவு கட்ட வேண்டும்?” குடும்பக் கட்டணம் வைத்திருக்கலாம், தங்கைக்கு விலக்கே கொடுக்கலாம், முடியாது என்றும் சொல்லலாம். முடியாது என்றால் அனுப்பியதை நீக்குங்கள். உங்கள் பக்கத்தில் நீக்கினால் போதாது. வாட்ஸ்ஆப்பில் போன வீடியோ தங்கையின் போன் கேலரியில் தனியாகத் தங்கியிருக்கும், அங்கேயும் அழிக்கச் சொல்லுங்கள்.